மாந்தரை அளந்த அறிஞர்

மருத்துவமனைக்குச் செல்வோரை மருத்துவர் காணுமுன், பணியாளர் ஒருவர் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளப்பார். பின்னர் எடைப் பொறியின்மேல் ஏற்றி எடையைக் குறிப்பார். பள்ளிகளில் நடைபெறும் உடல்நல ஆய்விலும் இவ்வாறே செய்வர். இவ்விரண்டு அளவுகளையும் கொண்டு ஓர் எண் கணிக்கப்படும். கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். உயரம் 1.60 மீட்டரும் எடை 51.2 கிலோகிராமும் உடைய ஒருவரைக் கொள்வோம். 1.60-இன் வர்க்கம் 2.56, 51.2-ஐ 2.56-ஆல் வகுக்க வருவது 20. இதனை உடல் நிறை எண் என்று வழங்குவர். எடை மிக்கவர் இவர், குறைந்தவர் இவர், அளவோடு அமைந்தவர் இவர் என்று மருத்துவர் முதற்கண் பகுத்துப் பார்ப்பதற்கு உலகெங்கும் இவ்வெண்ணே துணையாகின்றது. இதற்கு அடிப்படையான உண்மையைக் கண்டவர் மருத்துவர் அல்லர். விண்மீன்களை ஆராய்ந்த வானநூலார் ஒருவர். பெல்ஜிய நாட்டினராகிய அவருடைய பெயர் அடால்ப் கெத்தலே என்பது.

கெத்தலே 1796ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள் கெண்ட் என்னும் நகரிற் பிறந்தார். அக்காலத்தில் அந்நகர் பிரெஞ்சுக் குடியரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. கெத்தலேக்கு ஏழு வயது நிரம்பிய அளவில் தந்தையார் இறந்தார். ஆதலின் இளமையிலேயே தம் கையால் ஈட்டி உண்ண வேண்டிய நிலைமை அவருக்கு நேர்ந்தது. 1815ஆம் ஆண்டில், பத்தொன்பதாம் வயதில், கெண்ட் நகரத்துக் கல்லூரியிற் கணக்காசிரியராக அமர்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் கணக்கிலே மட்டும் தோய்ந்திருக்கவில்லை. அவர் ஓவியம் தீட்டுவார், செய்யுள் யாப்பார், நண்பர் ஒருவரோடு கூடி இசை நாடகம் ஒன்றும் இயற்றினார். கணக்கின் பெருமையை அவருக்கு உணர்த்தி அத்துறையில் நிலைபெறச் செய்தவர், புதிதாகத் தோன்றிய கெண்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகிய கார்னியே என்பவர். கூம்பினை வெட்டுவதால் தோன்றும் வளைகோடுகளைப் பற்றிக் கெத்தலே எழுதிய ஆராய்ச்சியுரைக்கு 1819ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. அங்கு அறிவியலில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அதே ஆண்டில் அவர் பிரஸல்ஸ் நகருக்கு ஆசிரியராகச் சென்றார். மறு ஆண்டில் அந்நகரத்து அறிவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

பிரஸல்ஸ் நகரில் விண்ணோக்கு நிலையம் ஒன்று அமைதல் வேண்டும் என்று இளைஞராகிய கெத்தலே அரசினரிடம் ஓயாது வற்புறுத்தி வந்தார். அதனை அமைக்கும் முறையைக் கற்று வருமாறு அரசினர் அவரை 1823ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் மாநகருக்கு அனுப்பினர். சில திங்களே அங்குத் தங்கினார். எனினும் அச்சில திங்களே அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றிவிட்டன எனலாம். வானநூல் கற்கச் சென்றவர், அங்கு லாப்லாஸ், பூரியே முதலிய பேரறிஞர்களின் தொடர்பால் நிகழ்தகவுக் கணக்கினையும் கற்று மீண்டார்.

வானநூலார் ஒரு விண்மீனின் இடத்தை ஒருமுறை மட்டும் அளந்து அமைவதில்லை. பலமுறை அளப்பர். கண்ணின் குறையாலும், கருவியின் குறையாலும், காற்றின் அசைவாலும் அவ்வளவுகள் ஒன்றற்கொன்று சிறிது வேறுபடும். அவற்றை ஒருங்கு திரட்டி நோக்கினால், பெரும்பாலானவை நடுவே நெருங்கி நிற்கும். நடுவை விட்டு விலகுந்தோறும் எண்ணிக்கை குறைந்துகொண்டே செல்லும். படமாக வரைந்தால், மணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற வடிவம் தோன்றும். நடுவே நிற்கும் சராசரியே விண்மீனின் உண்மையான இடத்திற்கு மிக நெருங்கியது. விலகி நிற்பன எல்லாம் பிழைகள். இது வானநூலார் கைக்கொண்ட முறை. விண்மீனை அளக்கும் இம்முறையால் மக்களை அளந்தால் என்ன என்னும் எண்ணம் கெத்தலேயின் உள்ளத்தில் முளைத்தது. அவர் கண்ட உண்மைகளுக்கும், அவர் செய்த பெரும் பிழைக்கும் இவ்வெண்ணமே வித்தாயிற்று.

1825ஆம் ஆண்டில் அவர் மணம் புரிந்துகொண்டார். 1828ஆம் ஆண்டில் விண்ணோக்கு நிலையத்தின் தலைவராக அமர்த்தப்பெற்றார். கட்டட வேலை முடியுமுன்னரே 1830ஆம் ஆண்டில் நாட்டிற் புரட்சி மூண்டது. பெல்ஜியம் நெதர்லாந்து அரசினின்றும் பிரிந்து தனி நாடாயிற்று. கெத்தலே அப்பொழுது இத்தாலி நாட்டிற் பயணம் செய்துகொண்டிருந்தார். அவர் மீண்டு வந்து நிலையத்திற் குடிபுகுந்தது 1832ஆம் ஆண்டில் ஆகும். வானை நோக்கும் கருவிகள் அப்பொழுதும் முழுமையாக வந்து சேரவில்லை. ஆனால் மக்களை அளப்பதற்குப் பெருங்கருவிகள் வேண்டா. ஒரு கோலும் ஒரு தராசும் போதும். அவ்வாண்டிலேயே, பல்வேறு வயதில் மாந்தரின் எடை எவ்வாறு அமைகின்றது என்பதைப் பற்றிய ஆராய்ச்சியுரை ஒன்றினை அவர் வெளியிட்டார்.

அவ்வாராய்ச்சி பிறந்த குழந்தையிலிருந்து தொடங்குகின்றது. பிரஸல்ஸ் நகரிற் பிறந்த 63 ஆண் குழந்தைகளும் 56 பெண் குழந்தைகளும் நிறுக்கப்பட்டனர். ஆண் குழந்தையின் சராசரி எடை 3.20 கிலோகிராம் என்றும், பெண் குழந்தையின் சராசரி எடை 2.91 கிலோகிராம் என்றும் கண்டார். பின்னர்ச் சிறுவர், இளைஞர், நடுவயதினர், முதியோர் எனப் பல பருவத்தினரையும் நிறுத்தார். உடுத்த ஆடையின் எடை கணக்கைக் கெடுக்குமன்றோ? அதனையும் அவர் விடவில்லை. ஆடவரின் ஆடை மொத்த எடையில் பதினெட்டில் ஒரு பங்கு என்றும், மகளிரின் ஆடை இருபத்துநான்கில் ஒரு பங்கு என்றும் கணித்துக் கழித்தார். பன்னிரண்டு வயதளவில் சிறுவர் சிறுமியர் எடை ஏறத்தாழ ஒன்றாக இருத்தலையும், ஆடவர் நாற்பது வயதளவிலும் மகளிர் ஐம்பது வயதளவிலும் எடையில் உச்சம் எய்துதலையும், முழு வளர்ச்சி பெற்றோர் தாம் பிறந்த பொழுது இருந்த எடையைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு இருத்தலையும் கண்டறிந்தார். இவ்வளவும் அன்றைய பெல்ஜிய மக்களிடம் கண்டவை என்பதை மறத்தல் கூடாது.

இவற்றினும் சிறந்தது, உயரத்திற்கும் எடைக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் கண்ட முடிவாகும். கனசதுரமான பெட்டி ஒன்றன் பக்கத்தை இரு மடங்கு ஆக்கினால், நீளம் இரு மடங்கு, அகலம் இரு மடங்கு, உயரமும் இரு மடங்கு ஆகும்; அது கொள்ளும் பொருள் எட்டு மடங்காகிவிடும். மனிதனும் பெட்டியைப் போல எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர்வானாயின், எடை உயரத்தின் கனத்தைப் பின்பற்றி ஏறுதல் வேண்டும். ஆனால் உயரமான மனிதர், குட்டையான மனிதரை அப்படியே பெரிதாக்கி வைத்த உருவம் அல்லர். நெடியவர் தம் உயரத்திற்கு ஏற்ற அளவு பருமன் ஆவதில்லை. வளர்ச்சி முடிந்த ஆடவர் மகளிரிடையே எடை, உயரத்தின் கனத்தை அன்றி, வர்க்கத்தையே ஏறத்தாழப் பின்பற்றுகின்றது என்று கெத்தலே கண்டார். 1.50 மீட்டர் உயரமுள்ள ஒருவரின் எடை 45 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 1.80 மீட்டர் உயரமுள்ளவர் கன விதிப்படி ஏறத்தாழ 78 கிலோகிராம் இருத்தல் வேண்டும். வர்க்க விதிப்படி ஏறத்தாழ 65 கிலோகிராமே வரும். பலரையும் நிறுத்துப் பார்த்தபொழுது உண்மை இரண்டாவதன் பக்கமே நின்றது. வளரும் பிள்ளைகளுக்கோ இவ்விதி அப்படியே பொருந்தாது என்பதையும் அவர் கண்டு, அவர்களுக்கு வேறொரு விகிதம் கூறினார். தாம் கண்ட விதியின் எல்லையைத் தாமே வகுத்துரைத்த இந்நேர்மை அவரிடத்துப் பாராட்டத்தக்கது.

ஒருவர் பருத்தவரா மெலிந்தவரா என்று தீர்ப்பளிக்க இவ்வாராய்ச்சியை அவர் மேற்கொள்ளவில்லை. நோயாளி ஒருவரையும் அவர் மனத்திற் கொள்ளவில்லை. மக்கட் கூட்டம் முழுவதற்கும் பொதுவாகிய அமைப்பு யாது என்பதே அவர் தேடிய பொருள்.

1835ஆம் ஆண்டில் அவர் தம் ஆராய்ச்சிகளைத் தொகுத்து, மனிதனையும் அவன் ஆற்றல்களின் வளர்ச்சியையும் பற்றிய பெருநூல் ஒன்றைப் பாரிஸ் நகரில் வெளியிட்டார். உயரம், எடை, உடல் வலிமை ஆகியவற்றோடு, பிறப்பு, இறப்பு, திருமணம், குற்றம் ஆகியவற்றின் கணக்குகளும் அதில் இடம்பெற்றன. ஆண்டுதோறும் குற்றங்களின் தொகை பெரிதும் மாறாதிருத்தலை எடுத்துக்காட்டி, குற்றத்திற்குத் தனி மனிதன் மட்டுமின்றிச் சமுதாயமும் காரணமாகின்றது என்று உரைத்தார். மனிதனுக்கு உள்ள உரிமையை இவர் மறுக்கின்றார் என்று பலர் சினந்தனர். சமுதாயம் திருந்தினால் குற்றமும் குறையும் என்பதே அவர் கருத்து. சினந்தவர்கள் அதனை நின்று கேளாமற் போயினர்.

அந்நூலில் அவர் சராசரி மனிதன் என்னும் ஒருவனைப் படைத்து நிறுத்தினார். ஒரு நாட்டு மக்களின் உயரம், எடை, வலிமை ஆகிய எல்லாவற்றின் சராசரியும் ஒருங்கே பொருந்திய மனிதன் அவன். கணக்கின் வசதிக்காக இப்படி ஒருவனைக் கற்பித்துக்கொள்வதில் தவறில்லை. கெத்தலேயோ அதனோடு நில்லாமல், அவனே இயற்கை வகுத்த செம்மையான வடிவம் என்றும், மற்றையோர் அவ்வடிவத்தினின்றும் வழுவிய பிழைகள் போல்வர் என்றும் கருதலானார். விண்மீனை அளக்குங்கால் விலகி நிற்கும் அளவுகள் பிழைகள் என்பது உண்மையே. ஏனெனில் அங்கு உள்ள விண்மீன் ஒன்றே. மக்களோ பலர். நெட்டையானவர் குட்டையானவரின் பிழை அல்லர். குட்டையானவர் நெட்டையானவரின் பிழையும் அல்லர்.

இக்குறையைப் பிரெஞ்சு நாட்டு அறிஞராகிய கூர்னோ 1843ஆம் ஆண்டில் வடிவக் கணிதத்தின் துணைகொண்டு அழகாக விளக்கினார். செங்கோண முக்கோணங்கள் பலவற்றின் பக்கங்களுக்குச் சராசரி கண்டு, அச்சராசரிகளால் ஒரு முக்கோணம் அமைத்தால், அது செங்கோண முக்கோணமாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. 3, 4, 5 என்னும் பக்கங்களை உடையது ஒன்று. 5, 12, 13 என்னும் பக்கங்களை உடையது மற்றொன்று. இரண்டும் செங்கோண முக்கோணங்களே. சராசரிகளோ 4, 8, 9. நான்கின் வர்க்கமும் எட்டின் வர்க்கமும் கூட 80 வரும்; ஒன்பதின் வர்க்கம் 81. செங்கோணம் எங்கோ மறைந்துவிட்டது! அவ்வாறே பல உறுப்புகளின் சராசரிகளை ஒன்று சேர்த்தமைத்த மனிதன், உயிரோடு வாழத்தக்க ஒருவனாக இராமலும் போகலாம் என்றார் அவர்.

எனினும் கூட்டத்தைப் பற்றி அறிதற்குக் கெத்தலேயின் முறை எத்துணைக் கூர்மையானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஸ்காட்லாந்து நாட்டுப் படைவீரர் 5,000-க்கும் மேற்பட்டோரின் மார்புச் சுற்றளவுகளை அவர் வரிசைப்படுத்தினார். சராசரி ஏறத்தாழ 40 அங்குலம். மற்றவை இருபுறமும் மணி வடிவாக அமைந்தன. பின்னர்ப் பிரெஞ்சு நாட்டிற் படைக்கு அழைக்கப்பட்ட 1,00,000 இளைஞரின் உயரங்களை எடுத்துக்கொண்டார். இங்கு வடிவம் பிறழ்ந்தது. 1.57 மீட்டருக்குக் குறைந்தவர் இருக்க வேண்டிய தொகையினும் மிகுந்திருந்தனர். அதற்குச் சற்று மேற்பட்டவர் குறைந்திருந்தனர். 1.57 மீட்டர் உயரம் இல்லாதவர் படையிற் சேர வேண்டுவதில்லை என்பது அந்நாட்டுச் சட்டம். ஏறத்தாழ 2,000 பேர் உயரத்தைக் குறைத்துக் காட்டித் தப்பியுள்ளனர் என்று கெத்தலே கண்டுகொண்டார். அவர்களுள் ஒருவரையும் அவர் கண்ணாற் கண்டதில்லை. தப்பியவர் இன்னார் என்று சுட்டிக் கூறவும் அவராலோ அவர் கணக்காலோ இயலாது. கூட்டத்தின் கள்ளத்தை அறியும் கணக்கு, தனியொருவனை அறியாது.

அவருடைய புகழ் நாடெங்கும் பரவிற்று. 1834ஆம் ஆண்டில் பிரஸல்ஸ் அறிவியற் கழகத்தின் நிலையான செயலாளர் ஆனார். 1836ஆம் ஆண்டில், பின்னர் விக்டோரியா அரசியாரின் கணவராக விளங்கிய ஆல்பர்ட் இளவரசர்க்கும் அவர் தமையனார்க்கும் ஆசிரியராக இருந்தார். 1841ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டில் புள்ளியியல் நடுக்குழு தோன்றியபொழுது அதன் தலைவரானார். அந்நாட்டில் 1846ஆம் ஆண்டில் நடந்த குடிமதிப்புக் கணக்கு அவர் வழிகாட்டலால் பிற நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. 1853ஆம் ஆண்டில் உலகப் புள்ளியியலாரின் முதற் பேரவை பிரஸல்ஸ் நகரிற் கூடியதும் அவர் முயற்சியாலேயே ஆகும். இவ்வளவு பணிகளுக்கிடையிலும் அவர் எண்ணுதலை விட்டாரல்லர். ஆகஸ்டுத் திங்கள்தோறும் எரிமீன்கள் மிகுதியாக வீழ்தலைக் குறித்தார். தோட்டத்தில் லைலாக் செடி பூப்பதற்கும் அதற்கு முந்திய நாட்களின் வெப்பத்திற்கும் உள்ள தொடர்பையும் கணக்கிட்டார்.

1855ஆம் ஆண்டில் அவருக்குப் பெருந்துன்பம் நேர்ந்தது. மூளையைத் தாக்கிய நோயால் நினைவாற்றல் பெரிதும் குன்றியது. எத்தனையோ ஆயிரம் எண்களைத் தொகுத்து ஆண்ட அறிவு, அதன்பின் பழைய கூர்மையை எய்தவே இல்லை. வேறொருவராயின் ஓய்ந்திருப்பர். அவரோ மேலும் பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தார். 1860ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிற் கூடிய புள்ளியியற் பேரவைக்குச் சென்றார். செவிலியர் பணிக்கு ஏற்றம் தந்த புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அங்கு அவரைச் சந்தித்தார். அவரைத் தம் ஆசான் போல் மதித்து, அவர் நூலினை ஓரங்களிற் குறிப்பெழுதிக் கற்றார். மாந்தர் உடலளவைகளைப் பற்றிய கெத்தலேயின் இறுதிப் பெருநூல் 1871ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1874ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள், எழுபத்தெட்டு வயது நிறைவதற்கு ஐந்து நாட்கள் இருக்கையில், அவர் பிரஸல்ஸ் நகரிற் காலமானார்.

எடையும் உயரமும் பற்றி அவர் கண்ட உறவு நெடுங்காலம் ஆராய்ச்சியாளரிடையே மட்டும் வழங்கிற்று. அமெரிக்க ஆயுட்காப்பீட்டுக் கழகங்கள், இவ்வளவு உயரத்திற்கு இவ்வளவு எடை தகும் என்று தாமே பட்டியல்கள் வகுத்துப் பயன்படுத்தி வந்தன. அப்பட்டியல்களில் அமைதியுறாத அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்செல் கீஸ், தம் துணைவரோடு கூடி ஐந்து நாடுகளில் 7,000-க்கும் மேற்பட்ட ஆடவரை ஆராய்ந்தார். உயரத்தால் வகுத்தும், அதன் வர்க்கத்தால் வகுத்தும், கனத்தைக் கொண்டு கணித்தும் பார்த்து, தோலடிக் கொழுப்பின் அளவோடு ஒப்பிட்டார். கெத்தலேயின் விகிதமே ஏனையவற்றைவிடச் சிறிது நன்றென்று 1972ஆம் ஆண்டில் உரைத்து, அதற்கு உடல் நிறை எண் என்னும் பெயரையும் சூட்டினார். அதுகாறும் அது கெத்தலே எண் என்றே அறிஞரால் வழங்கப்பட்டு வந்தது. கீஸ் ஆராய்ந்தோருள் மகளிர் ஒருவரேனும் இல்லை.

பின்னர் உலக நல நிறுவனம் எல்லைகள் வகுத்தது. வளர்ந்தோர்க்கு இவ்வெண் 18.5-க்குக் கீழாயின் எடைக்குறைவு. 25 முதல் எடை மிகுதி. 30 முதல் உடற்பருமன். ஆசிய மக்களுட் பலர்க்கு இவ்வெண் குறைவாக இருக்கும்பொழுதே உடலிற் கொழுப்பு மிகுந்து, நீரிழிவும் இதய நோயும் தோன்றக் கண்டமையால், 23, 27.5 என்னும் எண்களையும் நினைவிற் கொள்ளுமாறு அந்நிறுவனத்து வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. வளரும் பிள்ளைகளுக்கோ இவ்வெல்லைகள் எவையும் பொருந்தா. ஐந்து முதல் பத்தொன்பது வயது வரையினர்க்கு, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் கொண்டு தனி அட்டவணைகள் 2007ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தன் எண் 18 என்று கண்டு, தான் மெலிந்தவள் என்று அஞ்சுதல் வேண்டா. அவள் வயதுக்கு அது நடுவளவை ஒட்டியதே ஆகும்.

தராசு எலும்பையும் தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. உழைத்து உரமேறிய உடலினர்க்கும் உண்டு கொழுத்த உடலினர்க்கும் ஒரே எண் வரக்கூடும். முதுமையில் தசை கரைந்து கொழுப்பு மிகுந்தபோதிலும் எண் மாறாதிருக்கக்கூடும். இதனைக் கருதியே, இவ்வெண் ஒன்றனை மட்டும் கொண்டு தனியொருவரின் நலத்தை முடிவு செய்தல் தகாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2023ஆம் ஆண்டில் தீர்மானித்தது. பல நாட்டு மருத்துவ அறிஞர் கூடிய குழுவொன்று 2025ஆம் ஆண்டில், இடுப்பின் சுற்றளவையோ உடற் கொழுப்பையோ உடன் அளந்த பின்னரே ஒருவர்க்கு உடற்பருமன் உண்டென்று துணிதல் வேண்டும் என உரைத்தது. ஊர் முழுவதும், நாடு முழுவதும் உள்ள மக்களின் எடை ஆண்டுக்கு ஆண்டு ஏறுகின்றதா இறங்குகின்றதா என்று காண்பதற்கோ, 1832ஆம் ஆண்டில் கெத்தலே கண்ட அவ்விகிதமே இன்றும் பயன்பட்டு வருகின்றது.